அட்டை கடித்தால் முழங்கால் வலி போகுமா?

பதுளையிலிருந்து ஒரு தம்பி கேட்டது: “ஜெர்மனியில் அட்டையை விட்டு இரத்தம் உறிஞ்சவைத்து முழங்கால் வலியைப் போக்குகிறார்களாம். ஆய்வு நடத்தியே காட்டியிருக்கிறார்களாம். நம் மலையில் சும்மா கிடைக்கிற சாமான். கிளினிக்கில் விடிய விடிய நம்பர் எடுத்துக் காத்திருப்பதற்கு இது மேல் இல்லையா? யாருக்காவது விவரம் தெரியுமா?”

12.01.2025

அட்டையால் முழங்கால் வலி போகும் என்றால் எங்கள் அம்மா இன்றைக்குப் பரதநாட்டியம் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். 36 வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். மழை மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை அட்டை கடித்தது என்று எண்ணியதே கிடையாது. காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு போவார், பின்னேரம் வந்து வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து விரல் இடுக்கைப் பிரித்தால் கறுப்பாக உருண்டு திராட்சைப்பழம் மாதிரி ஒன்று தொங்கும். வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு பொட்டு வைப்பார், சுருண்டு விழும். கடிவாயில் இரத்தம் நிற்காது. பழைய பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்து ஒட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். இப்போது 74 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்து, படி இறங்கும்போது நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குகிறார்.

தம்பி சொன்னது புளுகு இல்லை. ஜெர்மனியில் எசன் நகரத்தில் 51 பேரை வைத்துச் செய்து 2003இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு முழங்காலில் ஒரே ஒரு முறை நாலு முதல் ஆறு அட்டை. மற்றப் பாதிக்கு 28 நாள் டிக்ளோபினாக் என்ற வலிக் களிம்பு. ஏழாம் நாள் கேட்டபோது அட்டைக்காரர்களின் வலிப் புள்ளி 53லிருந்து 19க்கு இறங்கியிருந்தது, களிம்புக்காரர்களுக்கு 51லிருந்து 42. பெரிய வித்தியாசம்தான். ஆனால் அந்த வாரத்துக்குப் பிறகு வலியில் இருந்த வித்தியாசம் மங்கிவிட்டது. கால் இறுக்கம், நடமாட்டம் இரண்டிலும்தான் அட்டைக் குழு கடைசிவரை முன்னால் நின்றது.

12.01.2025, இரவு

மேலே எழுதியதில் அம்மாவைச் சாட்சிக்கு இழுத்தது பிழை. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த ஆள் இப்படி எழுதலாமா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவருக்குக் கடித்தது காலடியிலும் கெண்டையிலும், முழங்காலில் இல்லை. கடித்ததும் வேறு அட்டை. நம் தேயிலை மலையில் நிமிர்ந்து நின்று ஆளைத் தேடுவது தரை அட்டை, அங்கே வைத்தியத்துக்கு வளர்ப்பது தண்ணீரில் வாழ்கிற ஹிருடோ இனம். இரத்தம் உறையாமல் பண்ணுகிற ஹிருடின் என்ற பொருளுக்கு அந்தப் பெயரே அதிலிருந்துதான் வந்தது. எல்லாவற்றையும் விட, அட்டையே கடிக்காமல் அதே 36 வருடம் அதே சரிவில் பறித்த இன்னொரு அம்மா நம்மிடம் இல்லை. இவரோடு ஒப்பிட ஆள் இல்லை. ஒருவேளை அட்டை கடிக்காவிட்டால் 60 வயதிலேயே படுத்திருப்பாரோ என்னவோ.

அதற்காக யாரும் மலை அட்டையைப் பிடித்து முழங்காலில் விட வேண்டாம். புண் பழுத்தால் என்னைத் திட்டுவீர்கள்.

14.01.2025

பொங்கல் வேலைக்கு நடுவில் ஒரு குறிப்பு. களிம்பு பூசுகிற ஆளுக்குத் தான் பூசுவது களிம்பு என்று தெரியும். காலில் ஆறு அட்டை தொங்குகிற ஆளுக்கும் தெரியும், தெரியாமல் எப்படி இருக்கும்? அதுதான் இந்த ஆய்வில் ஓட்டை. மாத்திரை என்றால் ஒரே நிறத்தில் மருந்தில்லாத மாவு மாத்திரை செய்து யாருக்கு எது என்பதை மறைக்கலாம். மாவு அட்டைக்கு எங்கே போவது?

19.01.2025

“வலி குறைந்தால் குறைந்ததுதானே, மறைத்தால் என்ன காட்டினால் என்ன” என்று டிக்கோயா அக்கா கேட்டிருக்கிறார். அக்கா, இதற்குப் பதில் சொல்ல ஹூஸ்டனுக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது, 2002இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் முழங்கால் தேய்ந்தவர்களுக்குச் சின்னக் குழாயை உள்ளே விட்டு, கழுவி, பிய்ந்து கிடக்கும் குருத்தெலும்பைச் சீவி எடுக்கும் ஆபரேஷன் ஏராளமாக நடந்துகொண்டிருந்தது. செய்துகொண்டவர்களில் நிறையப் பேர் நல்ல சுகம் என்றுதான் சொன்னார்கள். மோஸ்லி என்ற டொக்டர் 180 பேரைச் சேர்த்தார். சிலருக்குச் சீவி எடுப்பது, சிலருக்குக் கழுவுவது மட்டும், சிலருக்கு ஒன்றுமே இல்லை. யாருக்கு எது என்பது மூடின உறைக்குள். நோயாளி ஆபரேஷன் அறைக்குள் வந்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். ‘ஒன்றுமே இல்லை’ சீட்டு வந்தவருக்கு மயக்கம் கொடுத்து, தோலில் ஒரு சென்டிமீட்டர் அளவில் மூன்று கீறல் போட்டு, டொக்டர் வழக்கம்போலக் கருவிகளைக் கேட்டு வாங்கி, காலை அசைத்து, உப்புநீரைச் சளசளவென்று ஊற்றிக் கழுவுகிற சத்தத்தைக்கூட உண்டாக்கினார்கள். பிறகு தையல் போட்டு வாட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று குழுவுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை.

இதை முதல் தடவை வாசித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏமாற்றுவேலை இல்லையா என்று கேட்காதீர்கள், சேருவதற்கு முன்பே ஒவ்வொருவரும் “எனக்குப் பொய் ஆபரேஷனே கிடைக்கலாம் என்று எனக்குத் தெரியும், அதனால் என் மூட்டுத் தேய்வுக்கு நன்மை வராது என்றும் தெரியும்” என்று தங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள். தகுதி இருந்தவர்களில் 44 சதவீதம் பேர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். நானும் அந்த 44இல்தான் இருந்திருப்பேன்.

அக்காவின் கேள்விக்குத் திரும்பினால்: வலி குறைந்தது உண்மை. அதைக் குறைத்தது கத்தி இல்லை. கத்திக்குக் காசு கட்டினவனுக்கு இது தெரிய வேண்டுமா வேண்டாமா?

20.01.2025

அக்கா பதில் போட்டார்: “அப்போ மூணு கீறல் போட்டு அனுப்பினா போதுமா?”

மடக்கிவிட்டார்.

02.02.2025

சரி, என் கதை. எனக்கு 59. வலது முழங்கால் மூன்று வருடமாகப் பிரச்சினை. ஹட்டன் பாமசி ஒன்றில், மூட்டுக்கு நல்லது என்று விற்கிற குளுக்கோசமின் மாத்திரையை வாங்கி எட்டு மாதம் விடாமல் விழுங்கினேன். விலையைக் கேட்டால் வீட்டில் சண்டை வரும் என்று பெட்டியை மேசை லாச்சியில் மறைத்து வைத்திருந்தேன். இரண்டாம் மாதமே சுகம் தெரிந்தது. கண்ட பேருக்கெல்லாம் சிபாரிசு செய்தேன், ஆசிரியர் அறையில் நாலு பேராவது என் பேச்சைக் கேட்டு வாங்கியிருப்பார்கள்.

பிறகுதான் 2006இல் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வைப் படித்தேன். 1583 பேர், 24 கிழமை. குளுக்கோசமின், அதே மாதிரி மூட்டுக்கென்று விற்கிற கொண்ட்ராய்ட்டின், இரண்டும் சேர்த்து, செலிகொக்சிப் என்ற வலி மாத்திரை, வெறும் மாவு மாத்திரை என்று ஐந்து குழு. ஐந்தில் ஒரு பங்காவது வலி குறைந்தவர்களை எண்ணினார்கள். குளுக்கோசமினில் 64 சதவீதம். பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியில் மாவு மாத்திரை 60 சதவீதம்.

நூறு பேரில் அறுபது பேருக்கு மாவு வேலை செய்திருக்கிறது! மாவு என்ன செய்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் செய்திருக்காது. நாம் மருந்து வாங்கப் போவது வலி உச்சத்தில் இருக்கும்போதுதான். முழங்கால் வலி ஏறி இறங்கும் சாமான். உச்சத்தில் பிடித்தால் அடுத்தது இறக்கம்தான். பள்ளிக்கூடத்தில் இதை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். முதலாம் தவணையில் ஆகக் குறைந்த புள்ளி எடுத்த பத்துப் பிள்ளைகளைப் பின்னேர வகுப்புக்கு எடுப்பேன், இரண்டாம் தவணையில் அவர்களில் ஏழு பேர் ஏறிவிடுவார்கள், அதிபர் கூட்டத்தில் என்னைப் பாராட்டுவார். ஒரு வருடம் எனக்குக் காய்ச்சல், பின்னேர வகுப்பே நடக்கவில்லை. அந்த வருடமும் ஏழு பேர் ஏறினார்கள். இதை அதிபரிடம் நான் சொல்லவில்லை.

03.02.2025

ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார். அதே ஆய்வில் வலி கடுமையாக இருந்த 354 பேரை மட்டும் தனியாகப் பார்த்தால், இரண்டையும் சேர்த்து விழுங்கியவர்களில் 79 சதவீதம் பேருக்குச் சுகம், மாவுக்கு 54. நான் இதை விட்டுவிட்டேன், வேண்டுமென்றே இல்லை. ஆனால் ஒரு மூட்டையை உதறி ஒரு மூலையில் மட்டும் நல்ல அரிசி இருந்தால் அதை வைத்து மூட்டையை விலை பேச முடியாது. பிறகு ஸ்பெயினில் 164 பேருக்கு அதே இரண்டையும் சேர்த்துக் கொடுத்து 2017இல் வெளியிட்டார்கள். நடுவில் கணக்குப் பார்த்தபோது மாவு மாத்திரைக்காரர்கள்தான் கூடுதல் சுகமாக இருந்தார்கள், அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

லாச்சியில் இன்னும் அரைப் பெட்டி இருக்கிறது. யாருக்கும் வேண்டுமா?

16.02.2025

கந்தப்பொலையில் இருந்து ஒரு மாமா கோவா (முட்டைக்கோஸ்) கொண்டுவந்தார், சாக்கோடு. அதைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. இதுவும் ஜெர்மனிதான், 81 பேர், 2016. முழங்காலில் கோவா இலையைச் சுற்றிக் கட்டுவது ஒரு குழு, தினமும் குறைந்தது இரண்டு மணித்தியாலம், நாலு கிழமை. இன்னொரு குழுவுக்கு டிக்ளோபினாக் களிம்பு. மூன்றாவது குழு வழக்கமாகச் செய்வதையே செய்தது. வழக்கமான ஆட்களை விடக் கோவாக்காரர்களுக்கு வலி குறைவு. களிம்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை. நுவரெலியா பக்கத்து லொறி கவிழ்ந்தாலே ரோட்டில் ஒரு வருட மருந்து கொட்டிக் கிடக்கும்.

அம்மாவின் முழங்காலில் நானே ஒரு ஆய்வு நடத்தப் போகிறேன். ஒரு காலுக்குக் கோவா, ஒரு காலுக்குக் களிம்பு. எந்தக் காலுக்கு எது என்று காசு சுண்டிப் பார்த்தேன்: இடது கோவா, வலது களிம்பு. இரண்டு கிழமை.

18.02.2025

கோவா இலையில் நடு நரம்பைச் சீவி எடுத்துவிட்டு, பழைய சோடாப் போத்தலால் உருட்டிச் சாறு கசிய வைத்து, முழங்காலில் போட்டுப் பழைய சேலைத் துண்டால் கட்ட வேண்டும். நாற்றம் உண்டு, சொல்லிவிடுகிறேன். நேற்று அம்மா இஸ்தோப்பில் காலை நீட்டிக்கொண்டு இருந்தபோது பக்கத்து லயத்துக் கோழி வந்து கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இலையைக் கொத்தியது.

04.03.2025

முடிவு: இரண்டு காலிலும் ஒரே அளவு வலி குறைந்தது. சந்தோஷமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குள் விஷயம் வெளியே வந்தது. களிம்பை வலது காலில் பூசிவிட்டு, கையில் மிச்சமிருப்பதை வீணாக்கக்கூடாது என்று இடது காலிலும் துடைத்திருக்கிறார். பதினான்கு நாளும். “ரெண்டு காலும் ஒரே ஆளோடதுதானேடா, அதுல என்ன ஓரவஞ்சனை?” என்று கேட்கிறார்.

இது தவிர நான் செய்த பிழைகள்: எக்ஸ்ரேயில் வலது கால்தான் மோசம், ஆனால் அம்மாவுக்குக் கூடுதலாக வலிப்பது இடது. (எக்ஸ்ரேயும் வலியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவது இந்த நோயில் சாதாரணம், படத்தைப் பார்த்துவிட்டு எவ்வளவு வலிக்கும் என்று சொல்ல முடியாது.) ஒரு கால் சுகமானால் நடை மாறும், நடை மாறினால் மற்றக் காலின் பாரமும் மாறும். ஆக இரண்டையும் இரண்டு ஆள் மாதிரி எண்ணியதே பிழை. மிச்சக் கோவாவைச் சுண்டிச் சாப்பிட்டுவிட்டோம்.

09.03.2025

வலியை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டதால்: முழங்கால் ஆய்வுகளில் அடிக்கடி வருவது கனடாவில் உண்டாக்கிய ஒரு கேள்விப் பத்திரம், வோமாக் என்பார்கள். 24 கேள்வி. ஐந்து வலிக்கு, இரண்டு இறுக்கத்துக்கு, பதினேழு அன்றாட வேலைக்கு. நான் அதை ஒவ்வொன்றாக அம்மாவிடம் கேட்டேன்.

காலுறை போடும்போது எவ்வளவு கஷ்டம்? “நான் எப்படா சொக்ஸ் போட்டேன்?” காரில் ஏறி இறங்கும்போது? “உங்க தாத்தா வாங்கி வச்சிட்டுப் போன காரா?” குளிக்கிற தொட்டிக்குள் இறங்கி ஏறும்போது? இதற்குப் பதில் வரவில்லை, சிரிப்புத்தான். பைப்படியில் வாளி வைத்துக் குளிக்கிறவரிடம் என்ன கேட்கிறேன் நான்.

அவர் சொல்ல விரும்பியதோ பத்திரத்தில் இல்லவே இல்லை. 30 பாகைச் சரிவில் ஒரு காலை மேல் வரிசையிலும் ஒரு காலைக் கீழ் வரிசையிலும் ஊன்றிக்கொண்டு, முதுகில் கூடையோடு மணிக்கணக்கில் நின்றது. நிறையக் கொழுந்தோடு ஈரப் பாதையில், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு இறங்கினது. நிறுவைக்குப் பிந்திவிடக்கூடாதே என்று ஓடினது. அன்றைக்கு நிறை குறைந்தால் அரைப் பேர்தான் (அரை நாள் சம்பளம்) போடுவார்கள், முழங்கால் வலி என்று சொன்னால் கங்காணி நம்ப வேண்டுமே.

அதனால் எங்கள் வீட்டுக்கு ஒரு அளவு கண்டுபிடித்தோம். ரோட்டிலிருந்து வாசலுக்கு 64 படி. கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது எத்தனை இடத்தில் நிற்கிறார் என்று எண்ணுவது. நிற்கிற இடமும் அவருக்கே தெரியும்: கொய்யா மரம், உடைந்த பைப், நடுவில் ஒரு கல், கடைசியில் எதிர்வீட்டுச் சுவர், அப்படி. அன்றைக்கு ஏழு இடம்.

30.03.2025

ஊசி பற்றிக் கேட்டவர்களுக்கு. எனக்கு ஒரு தனியார் இடத்தில் ஸ்டீரொய்ட் ஊசி போட்டார்கள். மூன்று கிழமை முழங்கால் இருப்பதே தெரியவில்லை, பஸ்ஸுக்கு ஓடினேன். “மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து போட்டுக்கொள்ளுங்கள்” என்றார்கள். அவர்கள் சொன்ன அதே இடைவெளியில், 12 கிழமைக்கு ஒரு ஊசி என்று இரண்டு வருடம் 140 பேருக்குப் போட்ட ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. பாதிப் பேருக்கு ஸ்டீரொய்ட், பாதிப் பேருக்கு உப்புநீர். இரண்டு வருட முடிவில் வலியில் வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பு மட்டும் ஸ்டீரொய்ட்காரர்களுக்கு 0.21 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது, உப்புநீர்க்காரர்களுக்கு 0.10. நான் இரண்டாவது ஊசிக்குப் போகவில்லை. முன்கூட்டியே பணம் கட்டியிருந்தேன், திருப்பித் தரவில்லை. அது வேறு வலி.

கொழும்பிலிருந்து ஒருவர், சொந்த இரத்தத்தையே சுழற்றிப் பிரித்து ஏற்றுகிற பிளேட்லெட் ஊசி எப்படி என்கிறார். அவுஸ்திரேலியாவில் 288 பேர், 2021. ஒரு வருடம் கழித்து உப்புநீரும் அதுவும் ஒன்றுதான். இந்த உப்புநீரை யாராவது போத்தலில் அடைத்து விற்றால் பணக்காரன் ஆகலாம்.

06.04.2025

“அப்படியானால் எதுதான் வேலை செய்யும்?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். உடற்பயிற்சி. தொடைத் தசையைப் பலப்படுத்துவது. அமெரிக்காவில் படை ஆஸ்பத்திரிகளில் 156 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2020இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு ஸ்டீரொய்ட் ஊசி, பாதிப் பேருக்குப் பிசியோ, அதாவது பிசியோதெரபி. தொடக்கத்தில் வோமாக் கணக்கில் இரண்டு குழுவும் 100க்கு மேல். ஒரு வருடம் கழித்து ஊசிக்கு 56, பிசியோவுக்கு 37. குறைய இருந்தால் நல்லது. எல்லாரும் பயிற்சி செய்யுங்கள், சந்தேகமே வேண்டாம்.

06.04.2025, இரவு

டிக்கோயா அக்கா கோபமாக எழுதியிருக்கிறார்: “நாள் முழுக்க மலை ஏறி இறங்குற பொம்பளைக்கு எக்சர்சைஸ் செய்யச் சொல்றீங்களா மாஸ்டர்? மலையிலயும் வேலை, வீட்டுலயும் வேலை, இதுக்கு மேல நின்னு உக்காந்து காட்டணுமா?”

பதில் எழுதிவிட்டு அழித்தேன். நாளைக்கு.

11.04.2025

அக்கா சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த 156 பேருக்கும் பிசியோ கிளினிக்குக்குப் போவது சம்பளத்தில் வெட்டு விழுகிற காரியமாக இருந்திருக்காது. நம் பக்கம் ஒரு நாள் கிளினிக் போனால் ஒரு நாள் பேர் போச்சு, பஸ் காசு வேறு.

ஆனால் மலை ஏறுவதும் பயிற்சியும் ஒன்றல்ல என்று எனக்குச் சொல்லித்தந்த பிசியோப் பிள்ளை விளக்கினாள். வேலையில் வலிக்கிற காலைக் காப்பாற்றிக்கொண்டு மற்றக் காலால் சமாளிப்போம், வலிக்கிற பக்கத்துத் தொடை வருடக் கணக்கில் வற்றிப்போகும். அம்மாவின் இரண்டு தொடையையும் நாடாவால் அளந்து பார்த்தோம். இடது தொடை இரண்டு சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. பயிற்சி என்பது அந்தத் தசைக்கு மட்டும், ஓய்வாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்டுவது. நாங்கள் செய்வது இவ்வளவுதான்: வாங்கில் உட்கார்ந்து, கணுக்காலில் ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி, காலை நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து இறக்குவது. பிறகு கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி உட்காருவது. டிவியில் நாடகம் ஓடும்போது செய்கிறார். விளம்பரம் வந்தால் நிறுத்திவிடுகிறார், வில்லி வந்தால் வேகம் கூடுகிறது.

13.04.2025

“சந்தேகமே வேண்டாம்” என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். டென்மார்க்கில் 206 பேர், 2022. ஒரு குழுவுக்கு எட்டுக் கிழமை வகுப்பும் பயிற்சியும். மற்றக் குழுவுக்கு முழங்காலில் நாலு உப்புநீர் ஊசி, அதுவும் மறைக்காமல், இது வெறும் உப்புநீர்தான் என்று சொல்லியே போட்டார்கள். ஒன்பதாவது கிழமை பார்த்தால் இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு சுகம்.

இதை வாசித்துவிட்டு நான் வெளியே போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன். பயிற்சி ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் வருடக் கணக்கில் நூற்றுக்குப் 12 புள்ளி அளவுக்கு வலி குறைந்தது என்று இருந்தது. 2024இல் 139 ஆய்வை வைத்துத் திரும்பப் போட்ட கணக்கில் அந்த நன்மையும் சுருங்கிவிட்டது. ஒன்றுமே இல்லை என்று ஆகவில்லை, சின்னது. அம்மாவின் அரிசிப்பையை நான் அவிழ்க்கப் போவதில்லை: செலவு இல்லை, வயிறு எரியாது, அந்த அரிசியைப் பிறகு சமைக்கலாம்.

21.04.2025

சிவனொளிபாத மலை போய்விட்டு வந்தேன், நல்லதண்ணி வழியாக. ஐயாயிரத்துக்கு மேல் படி. ஏறும்போது மூச்சுத்தான் வாங்கியது, இறங்கும்போதுதான் முழங்கால் பேசியது. உடம்பின் முழுப் பாரத்தையும் தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதால் இறக்கம்தான் கஷ்டம். ஒரு கம்பும், பக்கவாட்டு நடையும். அம்மாவின் நண்டு நடையைக் கேலி செய்தவன் விடியக் காலையில் மூன்று மணித்தியாலம் நண்டாகவே இறங்கினேன்.

27.04.2025

பனடோல் (பரசிட்டமோல்) பற்றி ஒரு வரி. தோட்ட டிஸ்பென்சரியில் முழங்கால் வலிக்கும் அதுதான், தலைவலிக்கும் அதுதான். 74 ஆய்வுகளை ஒப்பிட்ட பெரிய கணக்கு ஒன்றில் மூட்டுத் தேய்வு வலிக்கு அதை மட்டும் கொடுப்பதில் பயனில்லை என்று வந்தது. டிக்ளோபினாக் மாத்திரை முன்னால் நின்றது. உடனே போய் வாங்காதீர்கள், வயிற்றையும் கிட்னியையும் பதம் பார்க்கிற மாத்திரை. அம்மாவுக்குப் பிரஷர் இருப்பதால் டொக்டர் களிம்போடு நிறுத்திவிட்டார்.

மஞ்சள்? தாய்லாந்தில் 367 பேர், நாலு கிழமை, மஞ்சள் சாறு மாத்திரை இபுப்ரூபன் என்ற வலி மாத்திரைக்குச் சளைக்கவில்லை. சாறு எடுத்த மாத்திரை, குழம்பில் போடுவது இல்லை. 2020இல் மஞ்சள் விலை ஏறி இங்கே பட்ட பாடு ஞாபகம் இருந்தால் இபுப்ரூபனே மலிவு என்பீர்கள்.

04.05.2025

உடம்பைக் குறைக்கிற ஊசி முழங்காலுக்கும் நல்லதாமே என்று ஒரு தங்கச்சி. உண்மை. செமாகுளூட்டைட், 407 பேர், 68 கிழமை, 2024. உடம்பு 13.7 சதவீதம் குறைந்தது, வலியும் நன்றாகக் குறைந்தது. எல்லாரும் நல்ல பருமனான ஆட்கள். நடக்கும்போது உடம்பில் குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் முழங்காலில் நாலு கிலோ பாரம் குறைவதாக அதற்கு முன்பே கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

அம்மா 41 கிலோ. இதில் எதைக் குறைப்பது? அவருடைய பாரம் உடம்பில் இல்லை, முதுகில் இருந்தது. அதை ஒருவரும் நிறுத்து ஆய்வுக் கணக்கில் சேர்த்த மாதிரித் தெரியவில்லை.

11.05.2025

பதுளைத் தம்பி திரும்ப வந்தார். “இங்கேயே ஒரு ஆய்வு வைத்தால் சேருவீர்களா?”

நான் சேருவேன். இந்த நாட்டில் ஆய்வுகளைப் பதிவு செய்ய 2006இலிருந்தே ஒரு பதிவேடு இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதில் முன்கூட்டிப் பதிந்து, எதை அளக்கப் போகிறோம் என்று முதலிலேயே எழுதி வைத்தால்தான் என் கோவா ஆய்வு மாதிரிக் கடைசியில் வழவழக்க முடியாது.

அம்மாவைச் சேர்ப்பேனா என்றால் யோசிப்பேன். சம்மதப் படிவம் என்பது வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆளுக்குத்தான் பொருந்தும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் வைத்து, ஒப்பீசிலிருந்து வந்திருக்கிறார்கள், முழங்கால் வலி இருக்கிறவர்கள் பெயரைக் கொடுங்கள் என்று கணக்கப்பிள்ளை சொன்னால் எங்கள் பெண்களில் எத்தனை பேர் முடியாது என்பார்கள்? ஹூஸ்டனில் 44 சதவீதம் பேர் எழும்பிப் போனார்கள். இங்கே அத்தனை பேர் எழும்பிப் போகிற மாதிரி ஒரு இடத்தில், தோட்டத்து ஆள் யாரும் பக்கத்தில் இல்லாமல் கேட்டால் சரி. அப்புறம் தொட்டிக் கேள்வியை எடுத்துவிட்டுக் கூடைக் கேள்வியைப் போட வேண்டும்.

அம்மாவிடமே கேட்டேன். “மாவு மாத்திரைன்னா குடுக்கச் சொல்லு, வயித்துக்கு ஒண்ணும் செய்யாதுல்ல” என்றார்.

15.06.2025

படிக் கணக்குக் கேட்டவர்களுக்கு. மார்ச்சில் ஏழு. ஏப்ரல் கடைசியில் ஐந்து. மே மாத மழையில் திரும்ப ஏழு, ஒரு நாள் எட்டு, அரிசிப்பையைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தோம். போன வெள்ளிக்கிழமை மூன்று. கொய்யா மரம், கல், எதிர்வீட்டுச் சுவர். இதில் எதிர்வீட்டுச் சுவரில் நின்றது மகள் கலியாணப் பேச்சு என்னவானது என்று விசாரிக்க, அரை மணித்தியாலம். வலித்தும் நின்றாரா, பேச மட்டும் நின்றாரா என்று கேட்டால் “ரெண்டுக்கும்தான்” என்கிறார். நான் கொப்பியில் மூன்று என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.